வேனின் பின்சீட்டும் சிலம்பக் கம்பும்: ஒரு பையனின் பன்னிரண்டு வாரம்

திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் பிள்ளையைச் சிலம்ப வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் சொல்லும் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "எந்நேரமும் போனுங்கையுமா இருக்கறானுங்க" என்பது முதலாவது. இரண்டாவது கொஞ்சம் தயங்கித்தான் வரும். "ஸ்கூல்ல பசங்க அடிக்கறாங்களாட்ட இருக்குதுங்க. திருப்பி ரெண்டு குடுக்கற அளவுக்காச்சும் சொல்லிக் குடுங்க."

இரண்டாவது காரணத்துக்காக வந்த ஒரு பையனைப் பற்றியது இந்த ஆய்வு. உண்மையில் அவன் ஒரு தனிப் பையன் அல்ல. இதே சிக்கலோடு வகுப்புக்கு வரும் பல பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பத் தென்படுவதைக் கோத்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஒருவனாக்கிய மாதிரி நிகழ்வு இது. அதனால் அவனுக்குப் பெயரும் ஊரும் வைக்கவில்லை.

பையனும் வேனும்

வயது 12, ஏழாம் வகுப்பு. உடம்பு கொஞ்சம் கனம், உயரம் 145 செ.மீ. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங், அப்பா கட்டிங். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் இருவரும் வீடு திரும்புவார்கள். சாயங்காலம் பையனைப் பார்த்துக்கொள்வது அம்மிச்சி, அம்மாவின் அம்மா.

பள்ளிக்கு வேனில் முக்கால் மணி நேரம். டிரைவரைத் தவிர வேனில் பெரியவர்கள் யாரும் கிடையாது. பின்சீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேருடைய ராஜ்ஜியம். ஜூனில் "குண்டா" என்ற பட்டப்பெயரோடு ஆரம்பித்தது. காலாண்டு விடுமுறைக்குப் பிறகு தண்ணீர் பாட்டில் காணாமல் போனது. அப்புறம் தின்பண்டத்துக்கு வைத்திருந்த பத்து ரூபாய். பொங்கலுக்குப் பின் பையைப் பிடுங்கிச் சீட்டுக்குச் சீட்டு தூக்கிப் போடுவது தினசரி விளையாட்டாயிற்று. அவன் எழுந்து எழுந்து பையைத் துரத்துவதைப் பார்த்து வேனே சிரிக்கும்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் தடயங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வயிற்றுவலி. திங்கள் விடுமுறை என்று தெரிந்துவிட்டால் அது நின்றுவிடும். மூன்று மாதத்தில் நான்கு தண்ணீர் பாட்டில். பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடுவது. பள்ளிக் கழிவறையும் அந்தப் பையன்களின் எல்லை என்பதால் நாள் முழுக்க அடக்கி வைத்திருந்தான். கடைசியைக் கவனித்தது அம்மிச்சிதான். "ஏஞ்சாமி தண்ணியே குடிக்காம வர்றே?" என்று அவர் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் வெளியே வந்தது.

இது சும்மா கலாய்ப்பா, இல்லை வேறா? நார்வே உளவியலாளர் டேன் ஓல்வியஸ் வகுத்துத் தந்த மூன்று அளவுகோல்கள் இன்றும் உதவுகின்றன. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. நண்பர்களின் கலாய்ப்பில் இன்று நான், நாளை நீ என்று முறை மாறும். இங்கே எட்டு மாதமாக முறை மாறவில்லை. மூன்று பேர், மூத்தவர்கள், எதிரில் ஒருவன். வேனுக்குள் தப்பிக்க இடமும் இல்லை. மூன்று அளவுகோலும் பொருந்துகின்றன.

"திருப்பி அடி" ஏன் செல்லாது

திருப்பி அடிக்கச் சொல்லிக் கொடுங்கள் என்று அப்பா கேட்டது நியாயமான கோபம். ஆனால் கணக்கு உதைக்கிறது. 12 வயதுப் பையன் ஒருவன், 14 வயதுப் பையன்கள் மூவரை, ஓடும் வேனில், நிற்கக்கூட இடமில்லாத நடைவழியில் அடிக்க வேண்டும். எந்தக் கலையும் மூன்று மாதத்தில் அதைத் தராது. தரும் என்று சொல்லும் வகுப்பை விட்டு விலகுவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. பெரியவர் கண்ணில் முதல் அடி படுவதில்லை, இரண்டாவது அடிதான் படும். சீண்டுகிறவன் சத்தமில்லாமல், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சீண்டுவான். பொறுத்துப் பொறுத்து வெடிக்கிறவன் அலறிக்கொண்டு அடிப்பான். பள்ளி அலுவலக அறையில் நிற்பது யார் என்பது சொல்லாமலே விளங்கும்.

அப்படியானால் கம்பு எதற்கு? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதிய சுயதிறன் நம்பிக்கைக் கோட்பாட்டில் இதற்கு விடை இருக்கிறது. தன்னால் முடியும் என்ற எண்ணம் நான்கு வழிகளில் வளர்கிறது என்றார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடம்பின் படபடப்பை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. நான்கில் வலுவானது முதலாவது. "நீ தைரியசாலிடா கண்ணு" என்று நூறு முறை சொல்வதைவிட, கம்பு கையை விட்டு நழுவாமல் பத்துச் சுற்று முடித்த ஒரு காலை அதிகம் வேலை செய்யும். அவனால் முன்பு முடியவில்லை, இப்போது முடிகிறது, அதைப் பத்துப் பேர் பார்த்தார்கள். வேனில் இழந்ததில் ஒரு பங்கு அங்கே திரும்பி வருகிறது.

களமும் கம்பும்

வாரத்துக்கு மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பன்னிரண்டு வாரத்துக்கு 36 மணி.

கம்பின் அளவு: தரையில் ஊன்றினால் பிள்ளையின் புருவத்தைத் தொட வேண்டும். இந்தப் பையனுக்கு 130 செ.மீ. சொச்சம். "வளர்ற பையன்தானே, பெருசாவே வாங்கிக்கலாம்" என்று பள்ளிச் சீருடை மாதிரி வாங்கிவிடுவது வழக்கமான தவறு. நீளம் கூடினால் நுனி தரையில் இடிக்கும், மணிக்கட்டு வலிக்கும், சீக்கிரமே பிள்ளை சலித்துவிடும். தொடக்கத்துக்கு கனம் குறைந்த பிரம்பு போதும். மூங்கில் என்றால் கணுக்களைச் சீவித் தேய்த்திருக்க வேண்டும். சிராய் ஏறிய கை ஒரு வாரம் கம்பைத் தொடாது.

இடம்: கை நீட்டிக் கம்பு வீசினால் ஒரு பிள்ளைக்குச் சுற்றிலும் 2 மீட்டர் வேண்டும். அதாவது இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே 4 மீட்டர். இருபது பேர் ஒரே நேரத்தில் வீச 20-க்கு 16 மீட்டர் களம் தேவை. கோயில் வாசலிலோ மண்டபத்திலோ அவ்வளவு இடம் இருக்காது. அப்போது பாதிப் பேர் வீச, மீதிப் பேர் தள்ளி நின்று காலடி, அதாவது கால் வைக்கும் பயிற்சி, போட வேண்டும். நெருக்கி நிறுத்தினால் முதலில் அடிபடுவது விரல், அடுத்தது காது.

கம்பு கீழே விழுந்தால் யாரும் குனியக் கூடாது. "நில்" என்ற குரல் வந்து எல்லாக் கம்பும் நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். குனிகிற தலை நேராகப் பக்கத்துக் கம்பின் வட்டத்துக்குள் போகும். பயந்த பிள்ளைகளுக்கு இந்த விதியில் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. கம்பைத் தவறவிட்டால் அவசரப்பட்டு எடுத்து மறைக்க வேண்டியதில்லை, நிமிர்ந்து காத்திருக்கலாம். பையைத் துரத்தித் துரத்திப் பழகிய பையனுக்கு அது புதிய அனுபவம்.

முதல் நான்கு வாரம்: நிற்பதும் சொல்வதும்

முதல் இரண்டு வாரம் சலாம் வரிசை (வணக்கம் சொல்லும் அசைவுகள்), காலடி, கையில் கம்பில்லாத நிலைகள். அதில் மிக முக்கியமானது வெறும் நிற்றல். பாதங்கள் தோள் அகலத்துக்கு, எடை இரண்டு காலிலும் சமமாக, தாடை தரைக்கு இணையாக. கைகள் நெஞ்சளவில், விரல்கள் திறந்து, உள்ளங்கை எதிரே தெரியும்படி. முஷ்டி கூடாது. முஷ்டி சண்டைக்கு அழைப்பு. திறந்த கை "பொறு" என்று சொல்கிறது, அதே நேரம் முகத்தைக் காக்கவும் தயாராக இருக்கிறது. பார்வை எதிராளியின் புருவ நடுவில். கண்ணுக்குள் பார்க்கக் கூசும் பிள்ளைக்கும் இது முடியும். எதிரில் இருப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது.

மூச்சு: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுதல். விடும் மூச்சு நீண்டால் படபடப்பு தணியும். ஆசான் வகுப்பில் எண்ணிப் பழக்குவதைப் பையன் வேன் ஏறுவதற்கு முன் மூன்று தடவை செய்ய வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் குரல். கொங்கு நாட்டில் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இங்கே ஒன்பதாம் வகுப்புப் பையனை ஏழாம் வகுப்புப் பையன் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவான். "விடுறா" என்று கத்தச் சொல்லிக் கொடுத்தால் அவன் வாயிலிருந்து வராது. வந்தாலும் "மரியாதை இல்லாம பேசறயா" என்று வம்பு முற்றும். எனவே மரியாதையை எடுக்க வேண்டாம், கெஞ்சலை எடுத்தால் போதும். "விடுங்கண்ணாஆஆ" என்று இழுக்கும்போதுதான் அது மன்றாட்டு. "பையக் குடுங்கண்ணா" என்பதைக் கடைசி எழுத்தில் குரலை இறக்கி, இழுக்காமல், ஒரே தடவை சொன்னால் அது அறிவிப்பு. சொற்கள் அதேதான், ஒலிக்கும் இடம் வேறு. தொண்டையிலிருந்து வந்தால் கீச்சிடும். அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். கம்பு வீச்சுக்கு "ஒண்ணு, ரெண்டு" என்று உரக்க எண்ண வைப்பதே இதற்கான பயிற்சி.

பயிற்சி இரட்டையராக. ஒருவன் நெருங்கி வருவான், மற்றவன் சொல்வான். முதலில் பத்தடி தூரத்திலிருந்து, பிறகு ஐந்தடி, கடைசியில் ஒரு கை தூரம். வரும் பிழைகள் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒன்றுதான். சொல்லும்போது சிரித்துவிடுவார்கள், பயத்தில் வரும் சிரிப்பு அது, எதிராளி அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வான். சொல்லிக்கொண்டே ஒரு அடி பின்னால் வைப்பார்கள். "ப்ளீஸ்" சேர்ப்பார்கள். பதில் வரும்வரை காத்து நிற்பார்கள். கடைசிப் பிழைதான் பெரியது. சொல்லி முடித்ததும் பதிலுக்கு நிற்காமல் நகர வேண்டும். நேர் பின்னால் போகாமல் குறுக்காக இரண்டு எட்டு, பிறகு பெரியவர் இருக்கும் திசைக்கு.

கையைப் பிடித்துக்கொண்டால்? பிடித்தவனின் கட்டைவிரல் பக்கம்தான் பிடி தளர்வாக இருக்கும். முழங்கையைத் தன் உடம்போடு ஒட்டி, மணிக்கட்டைக் கட்டைவிரல் இடுக்கின் பக்கம் திருப்பி இழுத்தால் சின்னப் பிள்ளையும் கழன்று வரலாம். நேர் பின்னால் இழுத்தால் நான்கு விரல்களோடு மல்லுக்கட்ட வேண்டும். பைப்பட்டையைப் பிடித்தால் ஒரு தோளைக் கழற்றிவிட்டு நகர வேண்டும்; பை போனால் போகட்டும். தள்ளிவிட்டால் விழவும் கற்க வேண்டும். தாடையை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து உருண்டு விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியலாம். மணலில், குந்திய நிலையிலிருந்து தொடங்கி, பிறகுதான் நின்ற நிலையிலிருந்து.

ஐந்தாவது வாரம்: தவறிய இடம்

இதுவரை ஒழுங்காகப் போனது ஐந்தாவது வாரத்தில் சறுக்கியது. தவறு வகுப்பினுடையது.

பையன் வேகமாகக் கற்றான். உடம்பு கனமானதால் நிலை உறுதியாக இருந்தது, வீச்சில் வலு இருந்தது. உற்சாகப்படுத்த நினைத்த உதவி ஆசான் அவனைக் கம்பு தொடும் போட்டியில் இறக்கினார். எதிராளியின் உடம்பைக் கம்பு நுனியால் தொட்டால் ஒரு புள்ளி. மூன்று போட்டியில் மூன்றிலும் வென்றான். கைதட்டல். வீட்டில் அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். நோம்பிக்கு (ஊர்த் திருவிழாவுக்கு) வந்த மாமா, "எங்கே, ஒரு வீச்சு வீசிக் காமி" என்றார்.

அடுத்த வாரம் பள்ளியில் தண்ணீர்க் குழாய் வரிசையில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைத் தள்ளிவிட்டான். முழங்கால் சிராய்ப்பு. புகார் வந்தது, அவன் மேல்.

பின்சீட்டுக்காரர்களை எதிர்க்கத் துணிவில்லை. புதிதாய் வந்த வலு, தன்னைவிடச் சின்னவன் மேல் இறங்கியது. அடிவாங்கும் பிள்ளைகளில் ஒரு பகுதி அடிப்பவர்களாகவும் மாறுவது இந்தத் துறையில் பழைய செய்தி. தற்காப்புக் கலை என்றாலே நல்லதுதான் என்ற எண்ணத்துக்கு எதிரான சான்றும் ஓல்வியஸிடமிருந்தே வந்திருக்கிறது. அவரும் எண்ட்ரெசனும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் 11 முதல் 13 வயதுள்ள 477 நார்வேப் பையன்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கீழைத் தற்காப்புக் கலைகள் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களிடம் களத்துக்கு வெளியே முரட்டு நடத்தை கூடியிருந்தது.

இதற்கு நேர்மாறான முடிவும் உண்டு. அமெரிக்காவில் ட்ரல்சன் 1986-ல் வெளியிட்டது, சிறார் குற்றங்களில் சிக்கிய பதின்வயதினர் 34 பேரை வைத்து நடந்த சிறிய ஆய்வு. ஒரு குழுவுக்குக் கொரியத் தற்காப்புக் கலையான தேக்வாண்டோவை மரபு முறையில், வணக்கம், தியானம், நெறிகள், அசைவு வரிசைகளோடு கற்பித்தார்கள். இன்னொரு குழுவுக்கு அடியும் தடுப்பும் மோதலும் மட்டும். மூன்றாவது குழுவுக்கு ஓட்டமும் பந்து விளையாட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவின் ஆவேசம் குறைந்தது. இரண்டாவது குழுவில் கூடியது. கலை ஒன்றுதான், எதைச் சேர்த்து, எதை விட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதில் பிள்ளைகள் பிரிந்தார்கள். சலாம் வரிசையை "சும்மா சடங்கு" என்று தாண்டிப் போகும் வகுப்புகளுக்கு இதைக் காட்டலாம். கராத்தேயை ஜப்பானுக்குக் கொண்டுபோன ஒகினாவா ஆசான் ஃபுனகோஷி கிச்சின் எழுதி வைத்த இருபது நெறிகளில் ஒன்று, கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது. அதைச் சுவரில் மாட்டிவிட்டு, சேர்ந்த முதல் மாதமே மோத விடும் வகுப்புகளும் இருக்கின்றன.

திருத்தம் இப்படி அமைந்தது. ஆறு வாரத்துக்குப் போட்டி இல்லை. தண்டனையாக வகுப்பை விட்டு நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் அவனுக்கு இருந்த ஒரே நல்ல இடமும் போயிருக்கும். பதிலாக, ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளின் காலடிக்கு எண்ணிக்கை சொல்லும் வேலை கொடுக்கப்பட்டது, ஆசானின் கண்பார்வையில் மட்டும். தள்ளிவிட்ட பையனிடம் பெற்றோர் முன்னிலையில் மன்னிப்பு. வீட்டுக்கு ஒரே கட்டளை: உறவினர் முன் வீசிக் காட்டச் சொல்லக் கூடாது. அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானுங்க பயப்படுவானுங்க" என்றார். தெரிந்தால் என்ன ஆகும் என்பது எட்டாவது வாரத்தில் வந்தது.

வேனில் நடந்தது

வகுப்பில் என்ன செய்தாலும் வம்பு நடக்கும் இடம் வேன். அங்கே பெரியவர்கள் மாற்றியாக வேண்டியவை இருந்தன. அந்த வேலை ஆறாவது வாரத்தில்தான் தொடங்கியது. முதல் வாரமே தொடங்கியிருக்க வேண்டும்.

பள்ளிக்கு எழுதிய கடிதம் அரைப்பக்கம். "என் மகனைக் கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று தொடங்கினால் பள்ளி தற்காத்துக்கொள்ளத் தொடங்கும். மாறாக நாள், நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று நான்கு நிகழ்வுகள். "செவ்வாய் மாலை 4.20, வேன், பை மூன்று முறை தூக்கிப் போடப்பட்டது, டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்." உணர்ச்சிச் சொல் ஒன்றும் இல்லை. கேட்டவை மூன்று. பையனுக்கு டிரைவருக்குப் பின் வரிசையில் நிரந்தர இடம். பின்சீட்டு மூவரையும் ஒன்றாக உட்காரவிடாத இருக்கைப் பட்டியல். மாலை வேனில் ஓர் ஆயாவோ ஆசிரியரோ. மூன்றாவது கிடைக்கவில்லை, செலவு என்றார்கள். முதல் இரண்டும் கிடைத்தன. கடிதத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு ஒரு நகல் வீட்டில் வைப்பது அவசியம்.

கேட்கக் கூடாதது ஒன்று உண்டு. இரண்டு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தி, "கை குடுத்துக்குங்க, இனிமே சண்டை போடக் கூடாது" என்று முடித்து வைப்பது. சமபலம் உள்ளவர்களின் சண்டைக்கு அது சரி. இங்கே வலுவானவன் அறைக்குள் கைகொடுத்துவிட்டு, வெளியே வந்ததும் "மாட்டி விட்டயா" என்பான். இரண்டு தரப்பிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும்.

எட்டாவது வாரம் விஷயம் வேனுக்குள் தெரிந்துவிட்டது. "கம்பு சுத்தறவன்டா, வா பாக்கலாம்" என்று அழைப்பு வந்தது. தற்காப்புக் கலை கற்கும் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் அழைப்பு இது. ஏற்றாலும் தோல்வி, முகம் சுருங்கினாலும் தோல்வி. இதற்கான பதிலை வகுப்பில் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தார்கள். "கம்பு வீட்ல இருக்குதுங்கண்ணா. கம்பில்லாம எனக்கு ஒண்ணுந் தெரியாது." சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு இந்த முறை அவன் பக்கம் இருந்தது.

சுற்றியிருப்பவர்கள் யார் பக்கம் என்பது சின்ன விஷயமல்ல. கனடாவில் ஹாக்கின்ஸ், பெப்ளர், கிரெய்க் மூவரும் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், சீண்டல் நடக்கும்போது பெரும்பாலும் மற்ற பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். ஆனால் குறுக்கிட்டது குறைவு. குறுக்கிட்ட தடவைகளில் பாதிக்கு மேல், 57 சதவீதத்தில், பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றது. பத்து விநாடி! இதனால்தான் வகுப்பில் அடிவாங்குபவனின் பங்கை மட்டும் பழக்கினால் போதாது. பக்கத்தில் இருப்பவனின் பங்கையும் பழக்க வேண்டும். "வாடா, இங்க வந்து உக்காரு" என்று கூப்பிடுவது, விழுந்த பையை எடுத்துக் கொடுப்பது, டிரைவரிடம் சொல்வது. அதே வேனில் வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பத்தாவது வாரத்தில் பையைப் பிடித்து அவனிடம் கொடுத்தாள். அவள் சிலம்பம் கற்றவள் அல்ல.

பதிவேடு காட்டியது

அம்மா நோட்டில் வாரம் ஒரு பக்கம் எழுதினார். ஐந்தே கட்டங்கள். ஞாயிறு வயிற்றுவலி, டிபன் பாக்ஸில் மிச்சம், காணாமல் போன பொருள், வேன் ஏற மறுப்பு, வந்ததும் கழிவறைக்கு ஓடுதல். "தைரியம் வந்துடுச்சா?" என்று பையனைக் கேட்டால் "வந்துடுச்சு" என்பான், நோட்டு அப்படிப் பொய் சொல்லாது. முதலில் நின்றது பொருள் காணாமல் போவது, இருக்கை மாறிய அதே வாரத்தில். வயிற்றுவலி அடங்க இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. கழிவறை ஓட்டம் பன்னிரண்டாவது வாரத்திலும் தொடர்ந்தது. இருக்கைப் பட்டியல் பள்ளிக் கழிவறைக்குப் பொருந்தாது அல்லவா. அது தனிப் புகார் ஆயிற்று.

எதனால் மாறியது, கம்பாலா கடிதத்தாலா என்று பிரித்துச் சொல்ல இந்த நிகழ்வால் முடியாது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன. எங்கள் மதிப்பீடு: பொருள் இழப்பை நிறுத்தியது கடிதம். அழைப்பு வந்தபோது முகம் மாறாமல் உட்கார வைத்தது வகுப்பு.

இந்த முறை எட்டாத இடங்கள்

பெண்பிள்ளைகளிடையே சீண்டல் பல நேரம் ஒதுக்கிவைத்தல், வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குதல், வதந்தி என்று வரும். நிலையும் குரலும் அங்கே குறைவாகவே உதவும். அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் தற்காப்புக் கலை வழியே சீண்டலைக் குறைக்க முயன்ற ஒரு திட்டத்தை ட்வெம்லோவும் சகாக்களும் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். அதிலும் பையன்களிடம் தெரிந்த பலன் பெண்பிள்ளைகளிடம் தெரியவில்லை. அரசுப் பள்ளி மாணவியருக்குத் தரப்படும் தற்காப்புப் பயிற்சி வேறு தேவைக்கு; அதை இதற்கு மருந்தென்று நினைக்கக் கூடாது. போனில் வரும் சீண்டலுக்கு ஸ்கிரீன்ஷாட்டே முதல் ஆயுதம். கோபத்தில் அழித்துவிட்டால் சான்று போய்விடும்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது பிள்ளை குரல் உயர்த்திச் சமாளிக்க வேண்டிய விஷயம் அல்ல. நேராகத் தலைமை ஆசிரியர், எழுத்தில் புகார், தேவைப்பட்டால் காவல் நிலையம். பள்ளிகளில் சாதி வன்முறை பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை பரிந்துரைத்தது. சிலம்பக் களத்திலும் அதே விதி இருக்க வேண்டும். மணிக்கட்டில் ஒன்றும் வேண்டாம். கயிறு கம்பில் சிக்கும் என்பது கூடுதல் காரணம்.

திருப்பூர்ப் பள்ளிகளில் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளை மொழியைச் சொல்லிச் சீண்டுவதும் சாதாரணமாகிவிட்டது. இங்கே கூட்டுப் பயிற்சி எதிர்பாராத வகையில் உதவும். கம்பு வீச்சுக்கு எண்ணிக்கை தமிழில்தான். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளை நூறு வரை உரக்கத் தமிழில் எண்ணும், அதுவும் களத்தின் நடுவில் நின்று.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் பார்க்க வேண்டியவை: வகுப்பு திறந்த இடத்தில், பெற்றோர் பார்க்கும்படி நடக்கிறதா. பிள்ளையைத் தொட்டுத் திருத்தும் முன் ஆசான் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா. தவறு செய்த பிள்ளையைக் கேலி செய்கிறாரா. செய்தால் அங்கே நடப்பதும் அதே வம்புதான், சீருடை போட்டிருக்கிறது. எட்டு மாதத்தில் கறுப்புப் பட்டை என்று விளம்பரம் செய்தால் அடுத்த வகுப்பைப் பார்க்கலாம். ஒவ்வொரு பட்டைக்கும் எவ்வளவு கட்டணம் என்பதைச் சேரும் அன்றே கேட்டுவிட வேண்டும். தலையில் அடி விழும் மோதல் பிள்ளைகளுக்கு வேண்டாம். தலைக்கவசம் போட்டால் மூளை அதிர்ச்சியைத் தடுக்கலாம் என்று நம்பக் கூடாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016 அறிக்கையில் எச்சரித்திருக்கிறது.

பிள்ளை தூங்காமல் தவித்தால், பள்ளியே வேண்டாம் என்றால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், கம்பை வைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, தமிழகப் பள்ளிக்கல்வி உதவி எண் 14417. இரண்டையும் பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

பையனைப் பொறுத்தவரை இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. ஜூன் மாதம் வேனில் இருக்கைப் பட்டியல் புதிதாகப் போடுவார்கள். டிரைவரும் மாறலாம். பின்சீட்டு மூவரும் பத்தாம் வகுப்பு, சிறப்பு வகுப்பு முடிந்து வேறு வேனில் வரலாம், வராமலும் போகலாம். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் அதே அரைப்பக்கக் கடிதத்தைத் தேதி மாற்றித் திரும்பக் கொடுக்க வேண்டும். வகுப்பில் அந்த வாரம் வீச்சைக் குறைத்து, குரல் பயிற்சியை ஒரு கை தூரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கம்பையும் புருவத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். பையன் இந்த வருடம் வளர்ந்திருக்கிறான்.